ஐஸ் கட்டியில் வெள்ளைத் துகள்: ஃபிரிட்ஜ் ஃபில்டரை நம்பலாமா?

கேள்வி: ஐஸ் தானாகவே விழுகிற பெரிய ஃபிரிட்ஜ் வாங்கி 8 மாதம் ஆகிறது. மாட்ட வந்தவர் போர் தண்ணீர்க் குழாயிலேயே இணைப்புக் கொடுத்துவிட்டு, "உள்ளேயே ஃபில்டர் இருக்குது, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஐஸ் கரைந்தால் டம்ளர் அடியில் வெள்ளையாக ஏதோ தங்குகிறது, லேசாகக் கருவாட்டு வாடையும் அடிக்கிறது. குழந்தைக்கு ஜூஸில் போட்டுக் கொடுக்கலாமா? மே மாதம் 20 நாள் ஊருக்கு வேறு போகிறோம்.
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அந்த ஐஸைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். நீங்களும் போட்டுக்கொள்ள வேண்டாம். வெள்ளைத் துகள் பெரும்பாலும் உப்புத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புதான், அதனால் பெரிய கெடுதல் இல்லை. எனக்குக் கவலை அந்த ஃபில்டரைப் பற்றி. இந்த ஃபிரிட்ஜ்களில் வருவது பொதுவாகக் கார்பன் ஃபில்டர். குளோரின் வாடையையும் தூசியையும் பிடிக்கும், அவ்வளவுதான். உப்பை எடுக்காது, கிருமியைக் கொல்லும் என்றும் நம்ப முடியாது. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் தப்பு. பல கிருமிகள் ஐஸுக்குள் சும்மா கிடந்துவிட்டு, கரைந்ததும் மறுபடி வேலையைக் காட்டும். ஆகவே குடிக்கத் தகுந்த தண்ணீர் மட்டும்தான் அந்தக் குழாயில் போக வேண்டும்.

ஆர்ஓ இருந்தால் அதிலிருந்து இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஆர்ஓவில் தண்ணீர் வேகம் குறைவு, ஐஸ் சின்னதாக விழும், சில மாடலில் விழவே விழாது, அதனால் பிளம்பரைக் கூப்பிடும் முன் கம்பெனி சர்வீஸில் உங்கள் மாடலைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். சரிவராது என்றால் ஐஸ் மேக்கரை அணைத்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சாதா ட்ரேயில் ஊற்றி வையுங்கள். என்னைக் கேட்டால் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதுவே போதும்.

வாடைக்குக் காரணம், ஐஸ் பக்கத்தில் இருப்பதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். கருவாட்டை இறுக மூடுகிற டப்பாவுக்கு மாற்றுங்கள். ஐஸ் பெட்டியைக் காலிசெய்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டுங்கள், ஈரம் இருந்தால் ஐஸ் எல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கத்தியால் குத்தாதீர்கள், பெட்டி விரிசல் விடும். கண்ணாடி டம்ளரால் ஐஸை அள்ளவும் வேண்டாம், உடைந்த சில்லு ஐஸுக்குள் கண்ணுக்கே தெரியாது. அப்புறம், பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கைவிடாதீர்கள். ஐஸைத் தள்ளுகிற கை எப்போது சுற்றும் என்று தெரியாது, பல மாடலில் அடியில் ஹீட்டரும் உண்டு.

ஃபில்டரைப் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உங்களுடையது கெடு தாண்டிவிட்டது. ஊருக்குக் கிளம்பும் முன் ஐஸ் மேக்கரை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, பெட்டியைக் காலிசெய்யுங்கள். திரும்பி வந்ததும் முதல் நாள் விழுகிற ஐஸைக் கொட்டிவிடுங்கள். வால்வைத் திறந்த கையோடு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குழாய் மாட்டியிருக்கிற இடத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள், நனைந்தால் வால்வை மறுபடி மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.