விரல்தாளம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அக்கா மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக அங்கே பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாள், குடும்பத்தோடு ஏற்காட்டில் நான்கு நாள் தங்கப்போகிறோம். தாய்மாமனாக, அவள் ஆட்டத்துக்கு உதவுகிற மாதிரி ஏதாவது கொடுக்க ஆசை. நிறைய முத்து வைத்த கனமான கொலுசு செய்யலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு பாசியும் காசும் கோத்த முழு ஆடை ஒன்றை இணையத்தில் பார்த்தேன். என் மனைவியோ, கையில் பிடித்து ஆடும் துணிக்கு நம்ம ஊர் வெண்பட்டே எடுத்துக் கொடுக்கலாம் என்கிறாள். விரலில் மாட்டுகிற ஜால்ரா ஒன்று உண்டாமே, அதை வெள்ளியிலேயே செய்தால் என்ன? எது சரி என்று சொல்லுங்கள். இது கௌரவமான நடனம்தானா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு வரி எழுதினால் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகர், சேலம்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எகிப்தில் கல்யாண வீடுகளில் பெண்கள் கூடி ஆடுகிற ஆட்டம் இது. மேடைக்கென்று வளர்ந்த வடிவத்தை ரக்ஸ் ஷர்கி, அதாவது கிழக்கின் நடனம் என்பார்கள். 1926இல் கெய்ரோவில் பதியா மசப்னி என்ற நடனக்காரி தொடங்கிய அரங்கில் அது வளர்ந்தது. பேர்பெற்ற ஆட்டக்காரிகளான தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் அங்கிருந்து வந்தவர்கள்தான். பெரியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அவள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுவதற்குக் காரணம், நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்த இடத்தையே அது தொட்டிருக்கிறது. ஆடுகிற பெண்ணுக்கு நாம் வாங்கும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறோம். மின்னுகிறதா, கனமாக இருக்கிறதா, போட்டோவில் எடுப்பாகத் தெரியுமா, இவ்வளவுதான் நம் பரிசோதனை. அந்தப் பொருளுக்கு என்ன சத்தம், ஆடும் உடம்பில் அது எங்கே இடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உலோகத்தோடு பிழைக்கிற நீங்களும் கேட்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

ஆடையை மறந்துவிடுங்கள். அளவு தெரியாமல் வாங்கும் ஆடை பெட்டியிலேயே கிடக்கும். மார்புக் கச்சு ஒரு விரல்கடை தளர்ந்திருந்தாலும் மேடையில் அவள் கவனம் முழுக்க அதன் மேலேயே இருக்கும். அதை அவளும் அவள் ஆசிரியையும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இடுப்புப் பட்டையைப் பாவாடையோடு சேர்த்துக் குத்துவதற்குத் துருப்பிடிக்காத பெரிய ஊக்கு இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்தால் அதைவிட நன்றியோடு வாங்கிக்கொள்வாள்.

வெண்பட்டு வேட்டிக்கு அழகு. காற்றில் விரிந்து மெதுவாக இறங்க வேண்டிய துணிக்கு ஆகாது. பட்டின் கனத்தை மோமே என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மோமே என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.34 கிராம். ஆட்டத் துணியின் வழக்கமான அளவு மூன்று கெஜ நீளம், 45 அங்குல அகலம். 5 மோமே பட்டில் அது 70 கிராமுக்குள் நிற்கும். 8 மோமே என்றால் 110 கிராம் அளவில் வரும், கொஞ்சம் வேகமாகக் கீழே விழும். ஆனால் காற்றடிக்கும் திறந்தவெளியில் அந்தக் கனம்தான் கைக்கு அடங்கும். பட்டறைத் தராசு இருக்கிறதே, கடையில் எடுத்த துணியை அதில் வைத்துப் பாருங்கள். ஜரிகைக் கரை கூடவே கூடாது. கரை முதலில் இறங்கி நடுத்துணியைக் கீழே இழுக்கும். ஓரம் மெல்லிசாகச் சுருட்டித் தைத்ததாக இருக்கட்டும்.

இனி கொலுசு. பரதத்தில் பாதம் தரையில் விழுவதுதான் கணக்கு, சலங்கை அந்தக் கணக்கைச் சொல்கிறது. ரக்ஸ் ஷர்கியில் பாதம் பெரும்பாலும் ஓசைப்படாமல் நிற்கும், இடுப்பும் நடுவுடம்பும் பேசும். முழங்கால்களை மாற்றி மாற்றி மடக்கி இடுப்பை நடுங்க வைக்கும் அசைவு ஒன்று உண்டு, ஷிம்மி என்பார்கள். முத்துக் கொலுசு போட்டுக்கொண்டு ஷிம்மி செய்தால் நிற்காமல் கலகலவென்று ஒலித்துத் தாளத்தையே மூடிவிடும். போதாததற்குத் திருகு போய் ஷிஃபான் பாவாடையின் கரையில் மாட்டும், நூல் இழுபடும். தாய்மாமன் கொலுசு போட ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. முத்தே இல்லாத மெல்லிய கொலுசாகச் செய்து, ஆட்டத்தோடு சேர்க்காமல் உங்கள் கையால் தனியாகப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்ட அந்த விரல் ஜால்ராதான் சரியான பரிசு. துருக்கியில் ஜில், எகிப்தில் சகாத். நான்கு கிண்ணிகள் ஒரு ஜோடி: இரண்டு கைக்கும் கட்டைவிரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. பஜனை ஜால்ராவை அறுத்து மாட்டலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது தடிமன், கயிற்றில் பிடித்து அடிப்பதற்கென்று செய்தது. விரலில் மாட்டினால் ஐந்து நிமிடத்தில் கை கடுத்துவிடும். கற்றுக்கொள்கிறவளுக்கு இரண்டிலிருந்து இரண்டேகால் அங்குலக் குறுக்களவு போதும். அவள் முதலில் பழகியிருக்கும் அடி வலது, இடது, வலது, பிறகு ஒரு இடைவெளி. தகதிமியில் ‘மி’யை மட்டும் வாய்க்குள் விழுங்கிச் சொல்லிப் பாருங்கள், அதுதான். இந்த மூன்று அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் கிண்ணி நன்றாக இருக்க வேண்டும், விரலில் அசையாமலும் நிற்க வேண்டும்.

வெள்ளியில் செய்யாதீர்கள். உங்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்களுக்கு இது தெரியும். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும். செம்பு சேர்த்து டச்சை, அதாவது வெள்ளியின் சுத்தத்தைக் குறைத்து, ஆறிய தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினால் கொஞ்சம் ஒலிக்கும். பற்றவைக்கப் பொடி வைத்துத் தீயை ஊதிய நிமிடமே அந்த இறுக்கம் போய்விடும், ஒலியும் அதோடு போய்விடும். அப்படியே செய்து முடித்தாலும் நான்கும் ஒரே தடிமனில் வர வேண்டும், விளிம்போடு விளிம்பு மோதி மோதி நசுங்காமலும் இருக்க வேண்டும். கையிலிருக்கும் சில வாரத்தில் முதன்முதலாகச் செய்து பார்க்கிற வேலை இல்லை இது. பித்தளையோ வெண்கலமோ வாங்குங்கள். தகரச் சத்தம் போடும் மெல்லிய அலங்காரப் பொருளைத் தொடாதீர்கள். வெள்ளீயம் கூடிய வெண்கலம் நீளமாக ஒலிக்கும், ஆனால் கல்தரையில் விழுந்தால் விரிசல் விடும். புதிதாகப் பழகுகிறவளுக்குப் பித்தளை நல்லது. ஜெர்மன் சில்வரிலும் கிடைக்கும். அதில் வெள்ளி கிடையாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் நான்கையும் தட்டிப் பாருங்கள். தட்டையாகச் சேர்த்து அடித்தால் காற்று உள்ளே அடைபட்டு ‘டப்’ என்றுதான் கேட்கும். ஒன்றை உச்சியில் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் இன்னொன்றின் விளிம்பால் சாய்வாகத் தொடுங்கள். எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். நான்கில் ஒன்று ஊமையாக இருந்தால் அந்த ஜோடியே வேண்டாம். ஒட்டுச் சரியாகப் பிடிக்காத இடத்தைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கிற காது உங்களுடையது. பெங்களூர் கடையில் அவளே போய் வாங்கினாலும் இவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

நடுவில் ஒற்றைத் துளை வைத்ததை வாங்காதீர்கள். அது விரலில் சுற்றும், ஒரு பாட்டு முடிவதற்குள் கோணிக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு நீளத் துளை உள்ளதுதான் தட்டை எலாஸ்டிக்கை அசையாமல் பிடிக்கும்.

உங்கள் கைவேலை இங்கேதான் வருகிறது. விலை குறைந்த கிண்ணிகளில் அந்தத் துளையின் விளிம்பு வெட்டியபடியே இருக்கும். கூர் எலாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். பாதி ஆட்டத்தில் ஒன்று தெறித்துப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பழியெல்லாம் எலாஸ்டிக்கின் மேல் விழும். பொடி அரத்தால் எட்டுத் துளையையும் இரண்டு பக்கமும் மழுக்குங்கள், பிறகு நைஸான உப்புத்தாள் போடுங்கள். பஞ்சைத் துளைக்குள் விட்டு இழுத்தால் ஒரு இழைகூட மாட்டக்கூடாது. கிண்ணியின் வெளிவிளிம்பில் மட்டும் அரத்தை வைத்துவிடாதீர்கள், ஒலி மாறிவிடும்.

எலாஸ்டிக் துளை அகலத்துக்கு, அநேகமாக அரை அங்குலம். ஒரு மீட்டர் வாங்கினால் நான்குக்கும் போட்டு, இரண்டு தடவை மாற்றவும் மிஞ்சும். வேர்வையில் அது தளரும், மாற்றத்தான் வேண்டும். விரல் அளவு உங்களிடம் இல்லை, அதனால் தைக்காதீர்கள். வளையம் மேல்பக்கம், இரண்டு நுனியும் உட்குழியில் வருமாறு கோத்து, நுனிகளைச் சின்ன ஊக்கால் குத்திக் கொடுங்கள். நகத்தின் அடிக்கும் முதல் மூட்டுக்கும் நடுவில் அவள் மாட்டிப் பார்க்கட்டும். கையை உதறினால் கழலக்கூடாது, விரல் நுனி நீலம் பாரிக்கவும் கூடாது. கட்டைவிரலுக்கு வேறு நீளம், நடுவிரலுக்கு வேறு நீளம் வரும். அளவு பிடித்ததும் ஊக்கை எடுத்துவிட்டுத் தட்டையாகத் தைத்துக்கொள்வாள். எது எந்த விரலுக்கு என்று உட்குழியில் புள்ளி குத்திக் கொடுத்தால் தடுமாற மாட்டாள்.

ஏற்காட்டுப் பனியில் பித்தளை கறுக்கும். பருத்திப் பை ஒன்று தைத்துக் கொடுங்கள். புளி போட்டுத் துலக்குவதானால் எலாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுத் துலக்கி, உடனே துடைத்துவிட வேண்டும். பழைய காலுறையின் நுனியை வெட்டிக் கட்டைவிரல் கிண்ணிகள் இரண்டுக்கும் உறையாக மாட்டினால் சத்தம் அடங்கும். விடியற்காலையில் அவள் பழகும்போது மற்றவர்கள் தூங்கலாம்.