அப்பாவின் மறதிக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 76 வயது. அல்சைமருக்கு டொனெபெசில் 10 மில்லிகிராம் இரவில் குடிக்கிறார், பிரஷருக்கு அம்லோடிபின். இரண்டு கிழமையாகப் பின்னேரமானால் "வீட்டுக்குப் போகோணும்" என்று கத்துகிறார். நித்திரைக்குப் பிரிட்டோன் என்ற அலர்ஜிக் குளிசை கொடுக்கிறோம். கனடாவிலுள்ள அண்ணன் கஞ்சாவிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெய் அனுப்பவா என்று கேட்கிறார். கொடுக்கலாமா டொக்டர்?

பதில்: எண்ணெய் வேண்டாம். அதைவிட முக்கியம், இன்றிரவே பிரிட்டோனை நிறுத்துங்கள். நினைவுக்கு வேண்டிய அசெற்றைல்கோலின் என்ற மூளை இரசாயனம் அழியாமல் காப்பதே டொனெபெசிலின் வேலை. பிரிட்டோன் அந்த அசெற்றைல்கோலினையே வேலை செய்ய விடாது. குழப்பம் கூடும், மலம் இறுகும், சலம் அடைபடும். நித்திரை மருந்தென்று நினைத்து எத்தனையோ வீடுகளில் இதைத்தான் கொடுக்கிறார்கள்.

கஞ்சா மறதிக்கு உதவும் என்று பரவும் செய்தி முழுப் பொய்யல்ல. 2016இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில், கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற பொருள் நரம்புக் கலங்களுக்குள் சேர்ந்த அமிலொயிட் புரதத்தை, அதாவது அல்சைமரில் மூளையில் சேரும் புரதத்தை, குறைத்தது. ஆனால் அவை ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்கள். நோயாளிகளில் ஞாபகம் திரும்பியதாக எந்தப் பெரிய பரிசோதனையும் காட்டவில்லை. பதற்றத்துக்கு முயன்றார்கள்: 2015இல் நெதர்லாந்தில் 50 பேரில் டிஎச்சி 1.5 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்தும் போலி மருந்தைவிடப் பலன் கூடவில்லை. 2019இல் கனடாவில் நபிலோன் என்ற செயற்கைக் குளிசை பதற்றத்தைக் குறைத்தது. ஆனால் 45 சதவீதமானோர் மந்தமாகத் தூங்கி வழிந்தார்கள், போலி மருந்தில் அது 16 சதவீதம்தான். இந்த வயதில் அந்த மந்தம் விழுத்தி இடுப்பெலும்பை உடைக்கும். நபிலோனும் டிஎச்சியைப் போல வேலை செய்வது. உங்கள் அண்ணன் சொல்லும் சிபிடி வேறொரு பொருள். அது ஈரலின் மருந்து கரைக்கும் நொதிகளைத் தடுப்பதால் அம்லோடிபின், டொனெபெசில் இரண்டும் இரத்தத்தில் கூடலாம்: பிரஷர் இறங்கும், நாடி மெதுவாகும். கஞ்சாச் சாறு இங்கே அபாயகர ஔடதம் என்பதால் பார்சலைப் பெறுவதும் குற்றமாகும்.

இரண்டு கிழமைக்குள் வந்த மாற்றம் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. மறதி மெல்ல மெல்லக் கூடும். இப்படித் திடீரென்று கூடினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். சலக் கிருமி, மலச்சிக்கல், சோடியம் குறைவு, மறைந்த வலி, இந்த வெக்கையில் தண்ணீர் குறைவு எல்லாம் பார்க்க வேண்டும். இந்தக் கிழமையே போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சலப் பரிசோதனையும் இரத்த உப்புப் பரிசோதனையும் கேளுங்கள். நாடி 50க்குக் கீழ் என்றாலோ தலைசுற்றி விழுந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். டொனெபெசிலைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். இரவில் குடித்தால் சிலருக்கு நித்திரை கலைந்து பயங்கரக் கனவு வரும்.

வீட்டில் ஐந்து மணிக்கே, பொழுது சாய முன், எல்லா லைட்டையும் போடுங்கள். பகல் நித்திரை அரை மணி போதும், மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். "வீட்டுக்குப் போகோணும்" என்றால் "இதுதானே வீடு" என்று வாதாடாதீர்கள். கையைப் பிடித்து வளவைச் சுற்றி ஒருதரம் நடந்து வாருங்கள்.

எண்ணெய் ஏற்கெனவே வந்து சில துளிகள் கொடுத்திருந்தால், ஏச்சு விழும் என்று பயந்து மறைக்காதீர்கள். எத்தனை துளி, எந்த நேரம் என்று எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.