முதலில் டயர், அப்புறம்தான் லிஃப்ட்: பிக்கப் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இப்போது 265/70R17 டயர் ஓடுகிறது. 285/70R17 போட ஆசை. எவ்வளவு லிஃப்ட் (சஸ்பென்ஷன் மூலம் வண்டியை உயர்த்துவது) தேவைப்படும்?

பதில்: டயரை முடிவு செய்துவிட்டு லிஃப்ட்டைக் கேட்கிறீர்கள். இதுதான் சரியான வரிசை. பழைய டயரின் உயரம் முப்பத்தொன்றரை இன்ச், புதியது ஏறக்குறைய 33. நடுத்தர அளவு பிக்கப் என்றால் முன்பக்கம் 2 இன்ச் தூக்கினால் பெரும்பாலும் போதும். பெரிய பிக்கப் சிலவற்றில் லிஃப்ட்டே வேண்டியதில்லை, மட்கார்டின் உள்பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் நறுக்கினால் முடிந்தது. டயரை மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, முன்னாலும் ரிவர்ஸிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸில்தான் உரசல் பெரும்பாலும் பிடிபடும். அதற்குப் பிறகு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது).

கேள்வி: 4 இன்ச் லிஃப்ட் போட்டும் பின் டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) கல்லில் இடிக்கிறதே?

பதில்: இடிக்கத்தான் செய்யும். லிஃப்ட் கிட் சேசிஸையும் பாடியையும் தூக்கும், ஆக்ஸிலைத் தூக்காது. ஆக்ஸிலை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் கூடிய உயரத்தில் பாதி அளவுக்குத்தான்.

கேள்வி: நல்ல லிஃப்ட் கிட் ஒன்று சொல்லுங்கள். அவசரம்.

பதில்: என்ன வண்டி, முன்னால் தனிச் சஸ்பென்ஷனா (ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்குவது) ஒற்றை ஆக்ஸிலா, பின்னால் எவ்வளவு சுமை, என்ன டயர்? நான்கில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஏற்கெனவே முன்னால் 2 இன்ச் ஸ்பேசர் (ஷாக்கின் தலையில் வைக்கும் துண்டு), பின்னால் பிளாக் (ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைக்கும் கட்டை) இருக்கிறது. அதன்மேல் இன்னும் ஒன்று அடுக்கினால் செலவில்லாமல் உயரம் கிடைக்குமே?

பதில்: அடுக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினாலும் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் இந்த முறை விரிவாகவே சொல்கிறேன்.

முன்பக்கம் தனிச் சஸ்பென்ஷனில் ஷாக்கின் தலையில் 1 இன்ச் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச் உயரும். ஷாக், சக்கரத்தைத் தாங்கும் கீழ் கண்ட்ரோல் ஆர்மின் நடுவில் நிற்கிறது, சக்கரம் அதன் நுனியில். இந்தக் கணக்கு தெரியாமல் இரண்டு ஸ்பேசரை அடுக்கினால் சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்கும். பள்ளத்தில் இறங்கும்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் மோதும், ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் திரும்பும் எல்லையைத் தாண்டும். ட்ரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணலாகவே சுற்றும், அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறும். ஷாக் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கும். உயரம் கூடியது, சஸ்பென்ஷனின் ஓட்டம் கூடவில்லை.

பின்பக்கம் இதைவிட ஆபத்து. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் பிளாக் உயர உயர, முறுக்கு விசை ஆக்ஸிலைத் திருகும். இரண்டு பிளாக் அடுக்கிய ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. பட்டையையும் ஆக்ஸிலையும் பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்து பிளாக் நழுவி, ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னுக்குப் போயிருந்தது. வண்டி நண்டு போலக் கோணலாக நகர்ந்தது. அதில் ஒரு குடும்பம் பயணம் செய்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அடுக்கிய பிளாக்கோடு வரும் வண்டியை, அதைக் கழற்றச் சம்மதித்தால் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். முன் ஆக்ஸிலுக்குப் பிளாக் என்ற பேச்சே வேண்டாம்.

3 இன்ச்சுக்குள் போதுமென்றால் முன்னால் நீளமான ஷாக்கும் ஸ்பிரிங்கும், அவற்றுக்கேற்ற மேல் ஆர்மும் போடுங்கள். பின்னால் சுமைக்கேற்ற புதிய பட்டைக் கட்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் முன் டிஃபரன்ஷியலையும் சேர்த்து இறக்கும் முழு கிட் வாங்குங்கள். அதற்குப் பணம் இப்போது இல்லையென்றால் காத்திருங்கள்.

கேள்வி: 35 இன்ச் டயர் போட்டபின் வண்டி இழுக்கவே இல்லை. இன்ஜின் கோளாறா?

பதில்: கியர் விகிதம். பழைய டயர் 31.6 இன்ச் என்று வைத்துக்கொண்டால், 35-க்குப் போகும்போது ஏறக்குறைய பதினொரு சதவீதம் உயரம் கூடுகிறது. டிஃபரன்ஷியலில் 3.73 கியர் வைத்திருந்தால் 4.10 மாற்றினால்தான் ஏறக்குறைய பழைய நிலைக்கே வரும். டயர் எடையையும் கணக்கில் எடுத்தால் 4.56 வரை யோசிக்கலாம். நான்கு சக்கர இயக்கம் என்றால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டரையும் திருத்துங்கள், அது 100 காட்டும்போது நீங்கள் ஏறக்குறைய 111-ல் போகிறீர்கள்.

கேள்வி: லிஃப்ட் போட்டால் கூடுதல் சுமை ஏற்றலாமா?

பதில்: கூடாது. தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பு மாறவே மாறாது. புதிய டயரின் கூடுதல் எடையும் அதில்தான் கழியும்.

கேள்வி: லிஃப்ட்டும் புது ரிம்மும் போட்டேன். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறது.

பதில்: ரிம்தான் காரணம். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் திருப்பும்போது பெரிய வட்டம் போடும். இன்னும் உயர்த்திப் பயனில்லை, பழைய ஆஃப்செட்டுக்கு (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு) பக்கத்தில் வரும் ரிம் தேடுங்கள்.

கேள்வி: ஸ்டெப்னியும் பெரிதாக வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். ஒரே ஆக்ஸிலில் இரண்டு அளவு டயர் ஓடினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஸ்டெப்னி மாட்டும் இடத்தில் புதிய டயர் அடங்குமா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

கேள்வி: லிஃப்ட்டுக்குப் பிறகு வேகமாகப் போனால் வண்டி அலைகிறது. டயர் குறையா?

பதில்: அலைன்மென்ட் பார்த்தீர்களா என்பதே கடிதத்தில் இல்லை. முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அலைன்மென்ட் தாளில் காஸ்டர் எண் இரண்டு பக்கமும் எவ்வளவு என்று பாருங்கள். சரிசெய்ய இடமில்லை என்று சொன்னால், மேல் கண்ட்ரோல் ஆர்மை மாற்றிவிட்டு மறுபடியும் அலைன்மென்ட் செய்யுங்கள். டயர் கடைக்கு அப்புறம் போகலாம்.