டேப்லெட்டா, லேப்டாப்பா? நெல்லைப் பக்கம் இருந்து வந்த கேள்விகள்

கேள்வி: பாளை மார்க்கெட்டில் அரிசிக்கடை. கணக்கெல்லாம் டாலியில். பையன் டேப்லெட் போதும் என்கிறான். வாங்கலாமா?

வேண்டாம் அண்ணாச்சி. டாலி விண்டோஸுக்கு எழுதிய சாப்ட்வேர். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ ஐபேடிலோ அப்படியே ஏற்ற முடியாது. கடைக் கம்ப்யூட்டரை டேப்லெட் வழியாகத் தூரத்திலிருந்தே இயக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். இயக்கலாம்தான், ஆனால் கீபோர்டில் எஃப்2, ஆல்ட்-சி என்று விரல் தன்னால் ஓடிப் பழகின ஆள், கண்ணாடியைத் தட்டித் தட்டி ஒரு வவுச்சர் போடுவதற்குள் கடை முன்னால் நாலு பேர் நின்றுவிடுவார்கள். இன்னொன்று, கடை உங்கள் பெயரில் இருக்கும்வரை ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி போட்டு முடிக்கலாம். நாளைக்குப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும், பென் டிரைவ் மாதிரி இருக்குமே, அதுதான். அது டேப்லெட்டில் நடக்காது.

கேள்வி: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். எது நல்லது?

டேப்லெட்தான் டீச்சர், யோசிக்கவே வேண்டாம். பேனாவில்தான் ஏமாந்துவிடக் கூடாது. ரப்பர் முனை வைத்த மலிவுப் பேனா வாங்கினால், உள்ளங்கை திரையில் பட்டதும் அணிக்கோவைக்கு நடுவே ஒரு கோடு இழுத்துவிடும், அழித்து எழுதினால் மறுபடியும் இழுக்கும். சாம்சங்கின் எஸ் பென், ஐபேடுக்கான ஆப்பிள் பென்சில் மாதிரி பேனாவைத் தனியாக அடையாளம் காணும் மாடலாகப் பாருங்கள். ஆப்பிள் பென்சிலைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடுக்கும் சேராது.

கேள்வி: பணகுடி பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை. சைட்டுக்கு எதை எடுத்துப் போக?

போட்டோ எடுப்பது, படிவம் நிரப்புவது, வரைபடம் பார்ப்பது என்றால் டேப்லெட் போதும் தம்பி. வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஐபேடை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊரில் பகலில் அது சாதாரணமாகத் தாண்டிவிடும். ஜீப் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: ஜங்ஷனில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை வேலையை வீட்டில் இருந்தே டேப்லெட்டில் பார்க்க முடியுமா?

பழைய பைல்கள் பாமினி எழுத்துருவில் இருக்குமே! அது எல்லாக் கருவியும் படிக்கிற யூனிகோடு முறை இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால், மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். லேப்டாப்.

கேள்வி: கீபோர்டு கவர் போட்டால் டேப்லெட் லேப்டாப் ஆகிவிடாதா?

நானும் அப்படி நம்பித்தான் ஒருதரம் டேப்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன். வழியில் வந்த எக்செல் பைலில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சின்ன புரோகிராம் இருந்தது, மொபைல் எக்செல்லில் அது ஓடாது. எழும்பூரில் இறங்கி, பல்கூட விளக்காமல் பிரவுசிங் சென்டர் தேடி அலைந்தேன். பெரிய ஐபேடோடு ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு கவரைச் சேர்த்தால் எடையும் ஆப்பிள் லேப்டாப்பான மேக்புக் ஏர் பக்கம் வந்துவிடும், அப்புறம் என்ன லாபம்?

கேள்வி: பழைய லேப்டாப் மலிவாக வருகிறது, விண்டோஸ் 10. வாங்கலாமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதைத் தொடாதீர்கள், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி இருக்கிறதா என்று கேளுங்கள், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.