க்ரூஸ் கன்ட்ரோல் போட்ட காருக்கு வேக வரம்பு எப்படித் தெரிகிறது?

கேள்வி கேட்டவர் சொன்னது இது: க்ரூஸ் கன்ட்ரோலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) 100-ல் வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். எந்தப் பலகையும் இல்லாத இடத்தில் வண்டி தானாகவே 80-க்கு இறங்கிவிட்டது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி 100. "இதையெல்லாம் வண்டிக்கு யார் சொல்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

ஏற்கெனவே வந்த பதில்களில் ஒருவர் "சாட்டிலைட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இன்னொருவர் "ஏஐ தானாகவே கற்றுக்கொள்கிறது" என்கிறார். அந்த "தானாகவே" இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அநேகமாகப் புது வண்டி வாங்கியிருப்பீர்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுத்திருப்பீர்கள். செட்டிங்ஸ் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் யாரும் போவதில்லை.

க்ரூஸ் கன்ட்ரோலும் வேக வரம்பை அறிவதும் அடிப்படையில் வேறு வேறு சமாச்சாரங்கள். சிறு வயதிலேயே பார்வை இழந்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு 1950-ல் காப்புரிமை பெற்றார். 1958-ல் க்ரைஸ்லரின் இம்பீரியல் காரில் அது வந்தது. ஓட்டுபவர் சொன்ன வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சாலையோரம் என்ன எழுதியிருக்கிறது என்ற கவலை அதற்குக் கிடையாது. பிறகு ரேடார் சேர்ந்தது. இப்போதைய வண்டிகளின் முன்பக்கத்தில் இருக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், முன்னால் போகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அளக்கும். பலகையில் இருப்பது 80-ஆ 30-ஆ என்பது ரேடாருக்குத் தெரியாது. அதற்கு அது வெறும் தகரம்.

ஆக, வரம்பு வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டு வழிகள் உண்டு: மேப், கேமரா. பல வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

மேப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "சாட்டிலைட்" என்று எழுதியவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். வண்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடத்தான் சாட்டிலைட் உதவும். அந்த இடத்தில் வரம்பு என்ன என்பது, சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதி வைத்திருக்கும் மேப்பில் இருக்கிறது. அந்த எண்ணை யாரோ ஒருநாள் பதிந்திருப்பார்கள். சாலை வேலை நடந்தபோது போட்ட தற்காலிக வரம்பு, வேலை முடிந்த பிறகும் மேப்பில் அப்படியே கிடக்கலாம். ஜிபிஎஸ் சில மீட்டர் தடுமாறினால் மேம்பாலத்தில் போகிற வண்டி கீழே இருக்கிற சாலையில் போவதாகக் கணக்காகிவிடும். நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடும் இணைப்புச் சாலையிலும் இதே கதைதான்.

இனி கேமரா. இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

உள்ளே இருக்கிற ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். 2008 வாக்கில் ஓப்பல் இன்சிக்னியாவிலும் பிஎம்டபிள்யூ 7 சீரிஸிலும் பலகை படிக்கும் கேமரா வந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் புது மாடல்களுக்கு 2022 ஜூலையிலிருந்தும், விற்கிற எல்லாப் புதுக் கார்களுக்கும் 2024 ஜூலையிலிருந்தும், வரம்பை அறிந்து ஓட்டுநருக்கு உணர்த்தும் வசதி கட்டாயம். கேமரா ஒரு நொடிக்குள் பல படங்களைப் பார்க்கும். பலகை மாதிரி இருப்பதைத் தேடும், அதை வெட்டி எடுத்து எண்ணைப் படிக்கும், அடுத்தடுத்த படங்களிலும் அதே எண் வருகிறதா என்று ஒப்பிடும். போதுமான தடவை ஒத்துப்போனால்தான் திரையில் காட்டும்.

சரி, அதற்கு எண்ணைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? நாங்கள்தான். சாலைப் படங்களில் பலகைகளைச் சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் "வரம்பு 60", "வரம்பு முடிவு" என்று பெயர் கொடுக்கும் அனோட்டேஷன் வேலையைச் சில வருடம் செய்திருக்கிறேன். நைட் ஷிப்ட். "படத்துல கட்டம் போடுற வேலைதானே" என்று என் சித்தப்பா மகன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் வண்டி பலகையைப் படித்துக் காட்டும்போது மட்டும் "என்ன டெக்னாலஜி பாருக்கா!" என்பான்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் கனரக வண்டிகளின் பின்பக்கத்தில், அந்த வண்டி போகக்கூடிய உச்ச வேகத்தை வட்ட ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். அது அந்த லாரிக்கு உண்டான வரம்பு. பின்னால் வருகிற காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு வந்த ஒரு தொகுப்பில் வரிசையாக லாரிகளின் முதுகுதான். சிவப்பு வளையம், நடுவில் 80. எங்களுக்குக் கொடுத்திருந்த கைடுலைனில் லாரியைப் பற்றி ஒரு வரி கிடையாது. "வட்டம், எண் இருந்தால் குறிக்கவும்" என்று இருந்தது.

நான் குறிக்காமல் நிறுத்தி வைத்து, சந்தேகப் பட்டியலில் போட்டேன். டீம் லீட் வந்தார். "ஏம்மா, வட்டமா இருக்கு, நம்பர் இருக்கு. மார்க் பண்ணிட்டுப் போம்மா, டார்கெட் இருக்கு" என்றார். "சார், இது பலகையே இல்ல, லாரி கூடவே ஓடுது பாருங்க. இதைப் பலகைன்னு சொல்லிக் கொடுத்தா நாளைக்குப் பின்னாடி வர்ற கார் பிரேக் போடும்" என்றேன். அடுத்தடுத்த படங்களைத் தள்ளிக் காட்டினேன். சாலையோரப் பலகை என்றால் படத்துக்குப் படம் பெரிதாகிக்கொண்டே வந்து ஓரமாக விலகி மறைந்துவிடும். இது ஒரே இடத்தில், ஒரே அளவில் நிற்கிறது. வண்டியும் நாமும் ஒரே வேகத்தில் போனால் அப்படித்தானே இருக்கும்? அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த மாதம் என் எண்ணிக்கை குறைந்து போனதற்கு ஊக்கத்தொகையில் கை வைத்தார்கள். அடுத்த முறை வந்த கைடுலைனில் "வாகனத்தின் மீது உள்ள வரம்புக் குறி" என்று தனி வகை சேர்ந்திருந்தது.

"ஏதோ நீ ஒருத்திதான் கண்டுபிடித்தாயா, பொறியாளர்களுக்குத் தெரியாதா" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். அவர்களுக்கும் தெரிந்திருக்கலாம், வேறு ஊர் டீம் யாராவது இதையே சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். தானாகவே எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அது போதும்.

லாரி ஸ்டிக்கர் மட்டுமா? நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகிற வழிக்கு வைத்த 40, நேராகப் போகிறவரின் கேமராவிலும் விழும். பலகைக்குக் கீழே "மழையில் மட்டும்", "இரவில் மட்டும்" என்று சின்னத் தகடு இருக்கும். எண்ணைப் படித்துத் தகட்டை விட்டுவிட்டால் வெயிலடிக்கும்போதும் வண்டி தயங்கும். மின்விளக்குப் பலகைகள் இன்னும் படுத்தும். எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கேமரா படம் பிடிக்கும் அந்த நொடித்துணுக்கில் பாதி விளக்கு அணைந்திருந்தால் 80-ல் ஒரு பக்கம் காணாமல் போய், 30 மாதிரியோ 60 மாதிரியோ நிற்கும். அப்படிப்பட்ட படங்களை ஊகித்துக் குறிக்கக் கூடாது, "படிக்க முடியவில்லை" என்றுதான் போட வேண்டும். டார்கெட் நெருக்குகிற நேரத்தில் அதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

நாட்டுக்கு நாடு பலகையும் மாறும். வியன்னாவில் 1968-ல் உருவான சாலைக் குறிகள் உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் சிவப்பு வளைய வட்டம். அமெரிக்காவில் வெள்ளைச் செவ்வகத்தில் கறுப்பு எழுத்து, அதிலும் மைல் கணக்கு. ஒன்றைப் படிக்கப் பழகிய மென்பொருளை அப்படியே மற்ற இடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

"2011-லேயே இயந்திரம் மனிதனை ஜெயித்துவிட்டது" என்று ஒரு வாதம் வரும், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் சாலைக் குறிகளை வைத்து அந்த வருடம் ஒரு போட்டி நடந்தது. 43 வகைக் குறிகள், 50,000-க்கும் மேல் படங்கள். மனிதர்களின் சராசரி 98.84 சதவீதம், ஜெயித்த நரம்பு வலைப்பின்னல் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகும் ஏஐ வகை) மென்பொருள் 99.46 சதவீதம். உண்மைதான், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அங்கே குறியை மட்டும் வெட்டி எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். லாரி, பிரிவுச் சாலை, மழைத் தகடு என்று எந்தக் குழப்பமும் அந்தப் படத்தில் கிடையாது. அந்தப் படங்களுக்கான சரியான விடையும் மனிதர்கள் குறித்து வைத்ததுதான்.

2020 பிப்ரவரியில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்காஃபியின் ஆய்வாளர்கள் வெளியிட்டதையும் படித்துப் பாருங்கள். 35 என்று எழுதிய பலகையில் 3-இன் நடுக்கோட்டைக் கறுப்பு டேப்பால் சுமார் 2 அங்குலம் நீட்டினார்கள். மொபைல்ஐ என்ற கம்பெனியின் கேமரா வைத்த 2016 டெஸ்லா கார்கள் அதை 85 என்று படித்து, வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தன. பிந்தைய கேமராக்கள் இதில் ஏமாறவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். அந்தக் கம்பெனிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேமரா படிப்பது உருவத்தைத்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். வேலையில் சேரும்போதே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். எந்தக் கார் கம்பெனிக்காகச் செய்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. விட்டுவிட்டு வந்த பிறகும் கூடாது. நியாயம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அடுத்த இன்டர்வியூவில் "க்ளையன்ட் யார்?" என்று கேட்கிறார்கள். "சொல்ல முடியாது சார்" என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "என்ன செய்தீர்கள், காட்டுங்கள்" என்றால் காட்டவும் ஒன்றும் கிடையாது. பொறியாளருக்குக் கட்டுரை இருக்கிறது, காப்புரிமையில் பெயர் இருக்கிறது. எங்களுக்கு அனுபவச் சான்றிதழ் என்று ஒரு தாள், அதிலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான். என்னோடு வேலை பார்த்த பெண்கள் பாதிப் பேர் இதனாலேயே புதிதாகப் படித்து முடித்தவர்களின் சம்பளத்தில் மறுபடி ஆரம்பித்தார்கள். இதைப் பற்றி எந்தத் தளத்திலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சரி, உங்கள் 80-க்கு வருகிறேன். மேப்பும் கேமராவும் முரண்பட்டால் எதை நம்புவது என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென்று விதி வைத்திருப்பார். பொதுவாக, கண்ணெதிரே தெளிவாகப் படித்த பலகைக்குத்தான் முன்னுரிமை. திருப்பத்தில் திரும்பினாலோ, அடுத்த பலகை வராமல் வெகுதூரம் போய்விட்டாலோ படித்ததை விட்டுவிட்டு மேப் சொல்வதை எடுத்துக்கொள்ளும். அதனால் அதே சாலையில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடியும் 80-க்கு இறங்கினால் பெரும்பாலும் மேப்பில்தான் கோளாறு. இறங்கவில்லை என்றால் அன்றைக்குக் கேமரா எதையோ பார்த்திருக்கிறது. முன்னால் லாரி ஏதாவது போய்க்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

செட்டிங்ஸில் தேடினால் பல வண்டிகளில் மூன்று நிலைகள் இருக்கும்: வரம்பைக் காட்டுவது மட்டும், காட்டிவிட்டு உங்கள் சம்மதம் கேட்பது, கேட்காமலே க்ரூஸ் வேகத்தை மாற்றுவது. உங்கள் வண்டி மூன்றாவதில் இருக்கிறது. இரண்டாவதற்கு மாற்றுங்கள். எண் தப்பு என்று பட்டால் நீங்கள் பட்டனைத் தொடாத வரை வண்டி 100-லேயே போகும். எதிர்பாராமல் வேகம் குறைந்தால் பதறாமல் ஆக்சிலரேட்டரை மிதியுங்கள், க்ரூஸ் வழிவிடும். "அப்படியானால் பலகையை யார் பார்ப்பது?" என்று பாதுகாப்பு ஆர்வலர்கள் வருவார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும். அபராதச் சீட்டு கேமரா பெயருக்கு வராது.

மேப் கோளாறு என்று உறுதியானால் முதலில் வண்டியின் மேப்பைப் புதுப்பியுங்கள். அதற்குப் பிறகும் 80 என்றே இருந்தால், வண்டியில் இருப்பது யாருடைய மேப் என்று கையேட்டிலோ திரையிலோ பார்த்து அவர்களுக்குத் தெரிவியுங்கள். ஹியர், டாம்டாம் போன்ற மேப் நிறுவனங்கள் பொதுமக்கள் தவறைச் சுட்டிக்காட்ட வழி வைத்திருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்றால் கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தலாம். எழுதும்போது எந்தத் திசையில் போனீர்கள், மேலே போகிற சாலையா கீழே போகிற சாலையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "வரம்பு தப்பு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அதைச் சரிபார்க்க நைட் ஷிப்டில் உட்கார்ந்திருக்கிறவள் பாடு திண்டாட்டம்.