படிப்பதற்கே பணம் கேட்கும் ஏஜென்ட்

கேள்வி: ஆங்கிலத்தில் முதல் நாவலை முடித்துவிட்டேன், 1,40,000 சொற்கள். படித்துப் பார்க்கவே, நாவலைப் பதிப்பகங்களிடம் விற்றுத்தரும் ஏஜென்ட் ஒருவர் கட்டணம் கேட்கிறார். தான் சொல்லும் எடிட்டரிடம் காசு கொடுத்துத் திருத்தி வரவும் சொல்கிறார். வசதி குறைவு. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பதிப்பகம் உங்களுக்குத் தரும் முன்பணத்திலும் ராயல்டியிலும் வழக்கமாக 15 சதவீதம், மொழிபெயர்ப்பு உரிமை விற்றால் 20 சதவீதம்; இதுதான் ஏஜென்ட்டின் வருமானம். படிப்பதற்கே காசு வாங்குபவருக்கு நாவல் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? ‘இந்த எடிட்டரிடம்தான் போக வேண்டும்’ என்றால் அங்கே அவருக்குப் பங்கு இருக்கும். பெரிய ஏஜென்சி பெயரில், நீங்கள் அனுப்பாமலே பாராட்டி வரும் மின்னஞ்சலையும் நம்பாதீர்கள். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். அந்த ஏஜென்சியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் கேளுங்கள். எழுத்தாளர்களை ஏமாற்றுபவர்களைப் பற்றி எச்சரிக்கும் ‘ரைட்டர் பிவேர்’ தளத்தில் ஏஜென்ட்டின் பெயரைத் தேடுங்கள், இலவசம்.

ஒரே விதிவிலக்கு கூரியர், நகல் செலவு. அதையும் முன்கூட்டி வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், உச்சவரம்பு இருக்க வேண்டும், புத்தகம் விற்ற பிறகு வரும் தொகையில் ரசீதோடு கழிக்க வேண்டும். ‘அலுவலகச் செலவு’ என்று மொத்தமாகப் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நாவலின் நீளமே தடை. முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 சொற்கள் போதும். ஒவ்வோர் அத்தியாயத்திலும் என்ன மாறுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா, அந்த அத்தியாயம் போகட்டும். பிறகு கைபேசியை உரக்க வாசிக்கவிட்டுக் கேளுங்கள். கண் தாண்டிப்போன சொல் காதில் இடறும். ‘தனக்குக் கோபம் வருவதை உணர்ந்தாள், தட்டைத் தள்ளிவைத்தாள்’ என்றிருந்தால் தட்டைத் தள்ளிவைத்தது மட்டும் போதும்.

உங்கள் நாவலின் சாயலுள்ள புத்தகங்களை நூலகத்தில் எடுத்து நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் பெயர் இருக்கும். அவர்களுக்கு எழுதும் அறிமுகக் கடிதம் ஒரே பக்கம், 300 சொற்களுக்குள்: கதையின் முக்கியப் பாத்திரம் யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. ஒரு தடவைக்கு ஆறேழு பேருக்கு அனுப்புங்கள். ஒருவர்கூட முழுப் பிரதி கேட்காவிட்டால் கோளாறு கடிதத்திலோ நாவலின் முதல் பத்துப் பக்கத்திலோ இருக்கிறது. திருத்திவிட்டு அடுத்த ஆறு பேருக்குப் போங்கள்.

எழுத்துரு, வரி இடைவெளி வரை விதி போடும் ஏஜென்சிகள் பல, ‘வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதுவதில்லை. இது மரியாதையே இல்லை. அனுப்பிய தேதியைக் குறித்துவையுங்கள். அவர்கள் சொன்ன கெடு தாண்டியதும், கெடு சொல்லாவிட்டால் 12 வாரத்தில், அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.