மாற்று அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: சில கேள்விகளும் பதில்களும்

வால்வு ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட்டில், வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 5கே:8 (வால்வு பக்கம் 5000 ஓம், ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம்) என்று இருக்கிறது. என்னிடம் 7கே:8தான் இருக்கிறது. ஒற்றை இஎல்84 பவர் வால்வு உள்ள ஆம்ப்ளிஃபையருக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் முதலில் ஒன்று. டிரான்ஸ்ஃபார்மருக்கென்று சொந்தமாக ஓம் கிடையாது. சுற்று விகிதம்தான் அதனுடையது, ஓம் எல்லாம் ஸ்பீக்கர் கொடுப்பது. 7000-ஐ 8-ஆல் வகுத்தால் 875, அதுதான் சுற்று விகிதத்தின் வர்க்கம்; ஸ்பீக்கரின் ஓமை அதனால் பெருக்கினால் வால்வுக்குத் தெரியும் ஓம் வரும். இந்த டிரான்ஸ்ஃபார்மரில் 6 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 5250 ஓம், இஎல்84 டேட்டாஷீட் கேட்கும் 5.2கே கிட்டத்தட்ட அதேதான். 8 ஓம் ஸ்பீக்கரையே வைத்தாலும் பவர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியம்: அது எத்தனை மில்லிஆம்ப் டிசி தாங்கும்? 250 வோல்ட்டில் இந்த வால்வு 48 மில்லிஆம்ப் இழுக்கும். 30-க்குச் செய்ததைப் போட்டால் ஓம் கச்சிதமாகப் பொருந்தியும் பாஸ் காணாமல் போகும்.

புஷ்-புல் (இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும்) டிரான்ஸ்ஃபார்மரை, நடு டேப்பை (சுருளின் நடுவிலிருந்து எடுத்த முனை) விட்டுவிட்டு, ஒற்றை வால்வுக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். புஷ்-புல்லில் இரண்டு பக்க டிசியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அதனால் இரும்புக் கோரில் ஏர் கேப் (சிறு இடைவெளி) வைக்க மாட்டார்கள். ஒற்றை வால்வின் டிசி பாய்ந்தால் அந்தக் கோர் சிக்னல் வருவதற்கு முன்பே காந்தப்புலத்தால் நிரம்பிவிடும்.

பொது அறிவிப்பு ஸ்பீக்கர் லைனுக்கான 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடக்கிறது. உதவுமா?

எனக்குப் பிடித்த கேள்வி! 100-ஐ வர்க்கமாக்கி டேப்பில் எழுதியிருக்கும் வாட்டால் வகுங்கள்: 5 வாட் டேப் 2கே, 2.5 வாட் 4கே, 1.25 வாட் 8கே. இப்போது வேடிக்கையைப் பாருங்கள், 8கே என்பது 2கே-யின் நான்கு மடங்கு, அப்படியென்றால் சுற்று இரண்டு மடங்கு, அதாவது 5 வாட் டேப் இருப்பது சரியாகப் பொது முனைக்கும் 1.25 வாட் டேப்புக்கும் நடுவில். நடு டேப் தானாகவே கிடைத்துவிட்டது! ஒரு வால்வின் பிளேட்டிலிருந்து (சிக்னல் வெளிவரும் முனை) மற்றதன் பிளேட்டுக்கு 8கே, இரண்டு இஎல்84 புஷ்-புல்லுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. (டேப்புகள் வால்வு பக்கச் சுருளான பிரைமரியில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள், சிலவற்றில் ஸ்பீக்கர் பக்கச் சுருளான செகண்டரியில் இருக்கும்.) ஏர் கேப் இல்லாததால் இரண்டு வால்வின் கரன்ட்டும் சமமாக இருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது இன்சுலேஷன்தான். அது 100 வோல்ட் லைனுக்குச் செய்தது, நீங்களோ அதற்கு 300 வோல்ட் டிசி கொடுத்து அதன் மேல் சிக்னலையும் ஏற்றப் போகிறீர்கள். வைண்டிங்குக்கும் கோருக்கும் இடையே இன்சுலேஷன் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள், கோரையும் கட்டாயம் எர்த் செய்துவிடுங்கள்.

பழைய ரேடியோவில் கழற்றியது, லேபிள் இல்லை. மல்டிமீட்டரில் 380 ஓம் காட்டுகிறது. அதுதான் இம்பீடன்ஸா (ஏசி சிக்னலுக்கு இருக்கும் எதிர்ப்பு)?

இல்லை, அது கம்பியின் ரெசிஸ்டன்ஸ். அது பிரைமரி, ஒரு ஓம்கூடக் காட்டாத பக்கம் செகண்டரி, அதற்கு மட்டும்தான் அந்த அளவு உதவும். செகண்டரியில் 1 வோல்ட் ஏசி கொடுத்து பிரைமரியில் என்ன வருகிறது என்று பாருங்கள். 41 வோல்ட் வந்தால் விகிதத்தின் வர்க்கம் 1681. பலர் சறுக்குவது இங்கேதான், உடனே 8-ஆல் பெருக்கி 13கே என்று பார்த்துவிட்டு ‘தேறாது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 3 ஓம் பக்கம்தான், அதற்கு இது சுமார் 5கே, ஒற்றை 6வி6 வால்வுக்குத் தாராளமாகப் பொருந்தும். ஸ்பீக்கரையும் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம், செகண்டரியில், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஃபிலமென்ட் சப்ளையை அப்படியே கொடுத்துவிடாதீர்கள், பிரைமரியில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

மாற்றிய டிரான்ஸ்ஃபார்மரை மாட்டி ஆன் செய்ததும் ஊளையிடுகிறது. வால்வு போய்விட்டதா?

வால்வு நன்றாகத்தான் இருக்கும். ஃபீட்பேக் (அவுட்புட்டிலிருந்து முன்பக்கம் திரும்பும் சிக்னல்) தலைகீழாகப் போகிறது. ஆஃப் செய்து, கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, புஷ்-புல் என்றால் இரண்டு பிளேட் கம்பிகளை இடம் மாற்றுங்கள், அல்ட்ராலீனியர் டேப் (வால்வின் ஸ்கிரீன் முனைக்குப் போகும் டேப்) இருந்தால் அவற்றையும் கூடவே. ஒற்றை வால்வு என்றால் செகண்டரி முனைகளை மாற்றுங்கள். ஊளை நின்றும் சிணுங்கல் மிச்சமிருந்தால் புது டிரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் (ஒரு சுருளிலிருந்து மற்றதற்குச் சேராமல் சிதறும் காந்தப்புலம்) பழையதைவிட அதிகம், ஃபீட்பேக் ரெசிஸ்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். சோதிக்கும்போது ஸ்பீக்கரோ டம்மி லோடோ (ஸ்பீக்கருக்குப் பதிலான ரெசிஸ்டர்) இல்லாமல் சிக்னல் கொடுக்காதீர்கள், தேடிப் பிடித்த டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயே ஆர்க் அடித்துப் போய்விடும்.